பன்னிரண்டாவது வாக்குறுதி

'மாட்டிக்கிட்டார் மனுஷன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார் பட்டியல் அக்கா.

சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துப் பின்படிக்கட்டில் ஒரு பெண் வாளியை வைத்துக்கொண்டு படி துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையையே ரத்து செய்துவிட்டேன் என்று உறுப்பினர் அறிக்கை விட்டு எட்டு மாதம் ஆகிறது.

அரசாங்கச் செலவைக் குறைப்பேன், என் அலுவலகத்திலிருந்தே ஆரம்பிப்பேன் என்று சொல்லித்தான் அவர் ஜெயித்தார். மொத்தம் பன்னிரண்டு வாக்குறுதி. ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்து, செய்திருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு என்று பட்டியல் போட்டு வாரப் பத்திரிகைக்குக் கொடுப்பது அக்காவின் பொறுப்பு. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேர் வாயால் கேட்காமல் எதற்கும் புள்ளி வைக்கமாட்டார்.

இரண்டு கார் திரும்பிப் போனது, பச்சை. குளிர்சாதனம் நின்றது, பச்சை. இப்படியே பதினொன்று. "என்ன, நீயும் அவர் கட்சியில சேர்ந்துட்டியா?" என்று வீட்டுக்காரரே கிண்டல் பண்ணிவிட்டார். அந்த ரோஷத்தில், பன்னிரண்டாவதான துப்புரவு வேலை ரத்தை மட்டும் 'இன்னும் ஒரு தடவை பார்த்துடலாம்' என்று மாதாமாதம் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். அது முடிந்தால்தான் பட்டியல் அச்சுக்குப் போகும். பன்னிரண்டும் பச்சையானால் உறுப்பினருக்கு மறுபடி சீட் நிச்சயம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

உதவியாளரிடம் போய், படி துடைக்கிறது யார் என்று கேட்டார்.

"அவங்களா... சும்மா வந்தவங்க மேடம்."

"சும்மா வர்றவங்க வாளியோடவா வருவாங்க, தம்பி?"

உதவியாளர் சம்பளப் பதிவேட்டை எடுத்து நீட்டினார். அக்கா விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தார். எட்டு மாதமாகத் துப்புரவுப் பணியாளர் என்ற வரியே இல்லை. சில்லறைச் செலவிலும் தேடினார். அங்கேயும் இல்லை.

அதற்குள் உறுப்பினரே உள்ளே கூப்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அந்தப் பெண் பதினைந்து வருஷமாக இங்கே வேலையில் இருந்தவர், வீட்டில் ஒருத்தர் மாதிரி, போ என்று சொல்ல வாய் வரவில்லை என்றார்.

"ஆனா ஒண்ணுங்க. அரசாங்கக் காசு ஒரு பைசா அவங்களுக்குப் போகலை. நீங்களே பார்த்துட்டீங்க."

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சொன்ன சொல்லையும் காப்பாற்றி, கைக்காசு போட்டு ஒரு குடும்பத்தையும் காப்பாற்றுகிறவரையா சந்தேகப்பட்டோம்? கடவுளே, மன்னிச்சுக்கோ என்று வேண்டிக்கொண்டார். பச்சைப் புள்ளியோடு இதையும் நாலு வரி நல்லதாக எழுத வேண்டும் என்று நினைத்தபடி எழுந்தார்.

இருந்தாலும் பழக்கம் விடுமா? இன்னொரு வாயால் கேட்க வேண்டுமே. பின்படிக்கட்டுக்குப் போனார்.

அந்தப் பெண் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நீங்கதானே பட்டியல் போடற அக்கா?"

"ஆமாம்மா. உன் சம்பளத்தை சார் தன் கைக்காசுலேருந்து தர்றாராமே?"

"கைக்காசா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சம்பளமே இல்லைக்கா. உங்க பட்டியல் வெளிவந்ததும் மறுபடி வேலையில சேர்த்துக்கறேன்னு சொல்லியிருக்கார். நடுவுல நின்னுட்டா வேற யாரையாவது போட்டுடுவாங்களோன்னு நான்தான் ஒரு நாள்கூட விடாம வந்துட்டிருக்கேன்."



அவள் தயங்கித் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. இந்த மாசமும் தள்ளிப் போட்டுடாதீங்க. வீட்டுல ரொம்பக் கஷ்டம்."