கவுராமி விகிதம்

கண்ணாடித் தொட்டி வாங்கிய நாள் முதல் செழியனுக்குத் தான் மீன் விஞ்ஞானி என்ற நினைப்பு. அன்று காப்பியில் சர்க்கரை கம்மி என்று டம்ளரை விசிறியடித்துவிட்டு, மனைவி எழில்மதிக்கு வகுப்பெடுத்தான்.

"கவுராமியில ஆண் மீனு ஒண்ணுன்னா பெண் மீனு மூணு வுடணும். அதான் இயற்கை" என்று மீசையைத் தடவினான்.

"ஒண்ணே ஒண்ணு வுட்டா இன்னாங்க ஆவும்?"

"அதையே தொரத்தித் தொரத்திக் கொத்திக்கினு இருக்கும். மூணு இருந்தா கோவம் பிரிஞ்சிடும்."

எழில்மதி போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மூன்று பெண் மீன் என்றதும் பொறாமை என்று சிரித்துக்கொண்டான் செழியன்.

சாயங்காலம் மூங்கில்துறைப்பட்டிலிருந்து மாமியாரும் மாமியாரின் அக்காவும் துணி மூட்டையோடு வந்து இறங்கினார்கள்.

"இன்னா அத்தே, திடீர்னு?"

"உங்க கோவத்த எம் பொண்ணு ஒருத்தியே வாங்கிக்கினு இருக்காளாமே மாப்ள. பங்கு போட்டுக்கலாம்னு வந்தோம்" என்ற மாமியார், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"இன்னிக்கு என்னாண்ட ஆரம்பிங்க."