பரக்கத்துப் பேணி

"அரைக் கரண்டிதான் போடுங்க. கூடிப்போனா மருமகன் மோப்பம் புடிச்சிருவாரு."

குசினிக் கதவில் காவல் நின்ற அசனா முணுமுணுத்தார். ஜெமீல் மருமகனின் தகரப் பேணியைத் திறந்து, அந்தக் கறுப்புத் தூளைத் தூவி, அடையாளம் தெரியாதபடி குலுக்கி மூடினார். சொந்த வீட்டிலேயே களவெடுக்கிறவனைப் போல அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

பயந்துவிட வேண்டாம், நஞ்சு இல்லை. டஸ்ட் தேயிலை.

மகள் நஸ்ரியாவைக் கட்டிய பாஹிம், இறக்கக்கண்டியிலிருந்து பெண் வீட்டோடு வந்து குடியேறிய அன்றே, அசனா அவனுக்கென்று தனியாக ஒரு பேணி வைத்துவிட்டார். அதற்குள் விலை கூடிய நுவரெலியா இலைத் தேயிலை. வீட்டில் மற்றவர்களுக்கு வழக்கம்போல மலிவு டஸ்ட்தான். புது மாப்பிள்ளைக்கு டஸ்ட் ஊற்றிக் கொடுத்த வீடு என்று பெயர் வந்துவிட்டால், துறைமுகத்தடியில் கயிற்றுக் கடை வைத்திருக்கும் ஜெமீல் யார் முகத்தில் விழிப்பது?

ஆனால் தேயிலை விலையோ ஏணி வைத்து ஏறிக்கொண்டிருந்தது. கலியாணச் செலவில் ஏற்கனவே இளைத்துப் போயிருந்த ஜெமீலின் சட்டைப்பை, மாப்பிள்ளைப் பேணியால் எலும்பும் தோலுமாகிவிட்டது.

"நேரா செல்லிட்டா என்ன புள்ள?" என்று ஒருநாள் அசனாவிடம் கேட்டுப் பார்த்தார்.

"ஒங்களுக்கென்ன பைத்தியமா? அவரு கோவிச்சிட்டு உம்மா ஊட்ட போயிட்டா, நம்மட புள்ளயிட கதி என்ன?"

மருமகனின் வாயைக் கிண்டிப் பார்க்கவும் வழியில்லை. மாமி மருமகனோடு முகத்துக்கு முகம் கதைப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடி, எல்லாம் நஸ்ரியா மூலம்தான். அந்தப் பக்கமிருந்து வரும் பதிலும் எப்போதும் ஒன்றே ஒன்றுதான். "மாமியிட தேத்தண்ணி நல்லாருக்காம்."

அதனால்தான் இந்தத் திட்டம். நாளுக்கு அரைக் கரண்டி டஸ்ட்டாகக் கலந்து கலந்து, மாப்பிள்ளையின் நாக்குக்கே தெரியாமல் அவனை மலிவுக்குப் பழக்கிவிடுவது. விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் பாஹிம் பள்ளிவாசலில் கூட்டாளிமாரோடு கதைத்துக்கொண்டு நிற்பான். அதற்குள் ஜெமீல் ஓடிவந்து அலுவலை முடித்துவிடுவார்.

திட்டம் நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. பொன் நிறமாக இருந்த தேத்தண்ணி தேன் நிறமாகி, இப்போது கருப்பட்டிப் பாணி நிறத்துக்கு வந்திருந்தது.

"நாம போடுறது அரைக் கரண்டி. சாயம் என்ன இவ்வளவு கெதியா ஏறுது?" என்று ஜெமீல் தலையைச் சொறிந்தார். "பேணியும் குறையுதில்லயே?"

"பரக்கத்து!" அசனா முந்தானையால் தலையை மூடிக்கொண்டார். "மருமகன் கால் வெச்ச நேரம். கணக்குப் பாக்காதீங்க. கணக்குப் பாத்தா பரக்கத்துப் போயிரும்."

ஜெமீல் பேணியை இருந்த இடத்திலேயே வைத்தார். அல்லாஹ் பெருக்கிக் கொடுக்கிறதை அளந்து பார்க்க அவர் யார்?

நேற்றுக் காலை நஸ்ரியா வெறும் கோப்பையோடு குசினிக்குள் வந்தாள். "மாமியிட தேத்தண்ணி இப்ப இன்னும் நல்லாருக்காம். இன்னொரு கோப்ப கேக்குறாரு."

அந்த 'இன்னும்' ஜெமீலின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. மலிவு விலைத் தூளைக் குடித்துவிட்டு, மாமியின் மனம் நோகக் கூடாதென்று புகழ்கிறானே பிள்ளை! இப்படியொரு தங்கத்துக்கா இந்தத் துரோகம்? அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை தொழுகை முடிந்ததும் அவர் வீட்டுக்கு ஓடவில்லை. றுவைஸின் கடைக்குப் போய், மனதைக் கல்லாக்கிக்கொண்டு, நுவரெலியா இலைத் தேயிலையில் பெரிய பைக்கெற்றாக ஒன்று வாங்கினார். பேணியில் இருப்பதைக் கொட்டிவிட்டு இதை நிரப்ப வேண்டும். பிறகு மருமகனிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அவன் கோபித்தால் கோபிக்கட்டும்.

அசனா கொல்லையில் கோழிகளைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். ஜெமீல் பூனைபோலக் குசினிக்குள் நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஒருநாளும் குசினிப் பக்கம் எட்டிப் பார்க்காத பாஹிம் அங்கே நின்றான். அவனுடைய பேணி திறந்து கிடந்தது. இடுப்புச் சாரத்தின் மடிப்பிலிருந்து எடுத்த கடதாசிச் சரையை அதற்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

சரையிலிருந்து விழுந்தது கறுப்புத் தூள். ஜெமீலுக்கு நன்றாகப் பழக்கமான தூள்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிய பாஹிமின் பார்வை, மாமாவின் கையிலிருந்த பைக்கெற்றில் விழுந்தது. அவன் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, திரும்பவும் அதயா வாங்கிட்டு வந்தீங்க?" என்றான் ஈனக் குரலில். "மன்னிச்சுக்கங்க மாமா. நான் தோணியில கட்டிச் சாயத் தேத்தண்ணி குடிச்சு வளந்தவன். அந்த இலைத் தேயில எனக்குச் சுடுதண்ணி மாதிரித்தான். மாமி மனசு நோகுமெண்டு வாய் தொறக்கல்ல."

ஜெமீலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் குசினியில் ஆளரவம் கேட்டு, கொல்லையிலிருந்து அசனாவின் குரல் வந்தது.

"என்னங்க, பேணி இண்டைக்கும் நிறைஞ்சுதானே கெடக்கு? நான் செல்லல்லயா, பரக்கத்தெண்டு!"

பாஹிம் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாமிட்ட செல்லிராதீங்க மாமா... அந்தப் பரக்கத்து நான்தான்."