நடுக்கோடு

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் சொல்கிற நாக்கு புழுத்துப் போகட்டும். தொழில்முறைக் கபடி அணிக்குப் பிடியாள் தேடி, தேர்வாளர் இசக்கியப்பன் அந்தக் கல்லூரி மைதானத்துக்கு வந்திருந்தார். சோதித்துப் பார்க்க, அணிக்காக எதிராளி களத்துக்குள் பாடிப் போகும் செல்வினையும் கூட்டி வந்திருந்தார். செல்வினை மடக்கிய கல்லூரிப் பையன் அதுவரை கிடையாது. செல்வின் கபடி கபடி என்று பாடிக்கொண்டே உள்ளே போனதும், கல்லூரிப் பையன் மாசானம் அவன் கணுக்காலைக் கவ்விவிட்டான். செல்வின் குப்புற விழுந்து நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினான். தொட்டால் மாசானத்துக்கு அணியில் இடமில்லை. அரை விரல்தான் பாக்கி. பாட்டும் நிற்கவில்லை, பிடியும் தளரவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. "விடுல மாசானம், விடுதியில சோறு தீர்ந்துரும்!" என்று யாரோ கத்தினார்கள். மாசானத்தின் நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. "சார், தொட்டுட்டானா?" என்று பல்லைக் கடித்தபடி கேட்டான். "பேசாதல, பாத்துக்கிட்டுதான இருக்கேன்" என்ற இசக்கியப்பன் மண்ணில் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். செல்வினின் விரல் ஓர் இழை முன்னேறியது. வெள்ளைக் கோடு, மிதிபட்ட பாம்புபோல் நெளிந்து ஓர் இழை பின்வாங்கியது. விரல் மறுபடி நகர்ந்தது, கோடும் நகர்ந்தது. முப்பது வருடத்தில் எந்தப் பிடிக்கும் கோடு பயந்து அவர் பார்த்ததில்லை. செல்வினுக்கு மூச்சு அறுந்தது. இசக்கியப்பன் எழுந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல், தாளில் மாசானத்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மைதானத்தில் முதன்முதலாகக் கோடு போடச் சுண்ணாம்பு வந்து இறங்கியது மறுநாள் காலையில்.