காக்கை எடுக்கும்வரை

செத்துப்போன ஆத்தாளுக்குப் படைத்த தை அமாவாசைச் சோற்றைக் காக்கை எடுக்காமல் வீட்டில் ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது. அது மூக்கையாவின் கண்டிப்பு. மொட்டை மாடியில் கூவிக் கூவித் தொண்டை கட்டியும் காக்கை வராமல் இறங்கி வந்தார். பரிமாறிய இலைக்கு முன்னால் தங்கை ராக்கம்மாவுக்கு வியர்த்து ஊற்றியது. அவள் கையில் ஒட்டியிருந்த சர்க்கரைக் கருவி சாப்பாட்டைத் தானே கண்டு இன்சுலின் ஏற்றுவது; இலையில் பாயசம் விழுந்ததைப் பார்த்ததுமே மருந்தை ஏற்றிவிட்டது. உடனே சாப்பிடாவிட்டால் ஆள் சாய்ந்துவிடும்.

“அந்தச் சனியனை நம்பாதன்னு அன்னைக்கே சொன்னேன்ல?”

“அதுக்குக் காக்கா கணக்குத் தெரியாதுண்ணே,” என்றாள் ராக்கம்மா. நாக்குக் குழறியது.

மூக்கையா பாயசத்தை அள்ளி அவள் வாயில் ஊட்டினார்.

“ஆத்தா பசி பொறுப்பா. நீ முழுங்குடி.”

அவள் தொண்டை அசையும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.