கடிகாரம் கிடைக்கும்

திருவிழாவில் வளையம் வீசும் கடை. பொருள் நிற்கும் கட்டையைச் சுற்றி வளையம் விழுந்துவிட்டால் பொருள் நமக்கு. சோப்புகளுக்கு நடுவே அலாரம் கடிகாரம் கம்பீரமாக நின்றது. கழுத்தில் 'கிடைக்கும்' என்று ஓர் அட்டை.

"இந்த ஊர்லயாவது ஒரு வீட்டுக்குப் போயிடணும். காலையில ஒரு பிள்ளையை எழுப்பணும். அது போதும்," என்றது கடிகாரம்.

"போன ஊர்லயும் இதையேதான் சொன்னீங்க," என்று இளித்த பக்கத்துச் சோப்பைச் சுற்றி டணக்கென்று வளையம் விழுந்தது. "வரட்டா, மகாராஜா!" சோப்பு யாரோடோ கிளம்பிப் போனது.

அடுத்த வளையம் கடிகாரத்தின் தலைவழியே இறங்கி, கட்டையின் விளிம்பில் தட்டி நின்றது.

"இன்னும் கொஞ்சம் இறங்கேன்பா!" என்று கெஞ்சியது கடிகாரம்.

"எப்படிண்ணே? உங்க கட்டை என்னைவிட அகலம். முதலாளி அளந்து பார்த்துத்தானே அறுத்தாரு? உங்களுக்குத் தெரியாதா?" என்றது வளையம்.

கடிகாரத்தின் முள் அப்படியே நின்றுவிட்டது. எதிரே ஒரு சிறுமி, நாக்கைத் துருத்திக்கொண்டு அதையே குறிபார்த்தாள்.

'வேணாம் பாப்பா! போடாதே!' என்று உயிரே போகிற மாதிரி கத்தியது கடிகாரம். மனுஷர் காதில் விழுந்தது அலாரம்தான். டிர்ர்ரிங்!

"பாத்தீங்களா, அதுவே கூப்பிடுது! வாங்க வாங்க, போட்டா கிடைக்கும்!" என்று முழங்கினார் முதலாளி.

கூட்டம் முண்டியடித்துக்கொண்டு வந்தது.