தெரியாததெல்லாம் அந்தப் பக்கம்

ஏழாவது முறையும் ரவுட்டர் பதில் சொல்லவில்லை.

அது இருப்பது அருப்புக்கோட்டையில். நெட்வொர்க் பார்க்கும் அவன் இருப்பது மதுரையில், தலைமை மருத்துவமனையின் மூன்றாவது மாடியில். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மணி 12:50.

அருப்புக்கோட்டைக் கிளையில் ஒருவர் படுத்திருக்கிறார். வயது ஐம்பத்து மூன்று. பக்கவாதம். காலை 9:40க்கு வலது கை விழுந்தது, அப்புறம் பேச்சு நின்றது. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

அதாவது 2:10க்குள்.

மூளையில் ரத்தம் கசிந்திருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். ஸ்கேன் படத்தை மதுரை மருத்துவர் பார்த்துச் சொன்னால்தான் போடலாம். செல்போனில் பிடித்து அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, இதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார் அவர்.

படம் 12:25க்கே எடுத்தாகிவிட்டது. வந்து சேரவில்லை.

அவனால்தான்.

அருப்புக்கோட்டை மருத்துவமனை போன மாதம்தான் மதுரைக்காரர்கள் கைக்கு வந்தது. அங்கே ஒரே அலமாரியில், வருகிற தகவலுக்கு வழி பார்த்து அனுப்பும் இரண்டு ரவுட்டர்கள். கீழே பழையது. மேலே புதியது, மதுரை லைனோடு. பழையது வழி கேட்கும் முறை வேறு, புதியதன் முறை வேறு. முகவரி தெரியாத எதையும் எந்தப் பக்கம் தள்ளுவது என்று இரண்டும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளட்டும் என்று காலையில் இரண்டு வரி எழுதினான்.

சொல்லிக்கொண்டன.

தெரியாததெல்லாம் மேலே என்றது பழையது.

தெரியாததெல்லாம் கீழே என்றது புதியது.

படம் துண்டு துண்டாகக் கிளம்பியது. ஒரு சாண் இடைவெளியில் மேலும் கீழும் அலைந்து, ஆயுள் தீர்ந்து, அங்கேயே செத்தது. அவன் கட்டளைகளுக்கு வர வேண்டிய பதில்களும் அப்படியே.

இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. தூரத்து ரவுட்டரில் கை வைக்கும்முன், பத்து நிமிடத்தில் நீயே அணைந்து எழுந்துகொள் என்று அதற்குச் சொல்லிவைப்பார்கள். சொதப்பினால் அது பழையபடி எழுந்துவிடும். அவனும் சொல்லிவைத்தான். ஒன்பதாவது நிமிடம் எல்லாம் ஜோராக ஓடியது. அதை ரத்து செய்தான். மாற்றத்தைச் சேமித்தான். டீ குடிக்கப் போனான்.

அதற்கப்புறம் மதுரை லைன் ஒரு நொடி அறுந்து மறுபடி வந்திருக்கிறது. அந்த ஒரு நொடியில் புதியது, வழி கீழேதான் என்று பழையதை நம்பிவிட்டது. லைன் வந்த பிறகும் மாறவில்லை.

டீ குடிக்கப் போன தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டுக்கும் நடுவே இருக்கும் மஞ்சள் கேபிளை யாராவது பிடுங்கினால் போதும். அலமாரி பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை.

ஸ்கேன் டெக்னீஷியன் பெனிட்டா மறுபடி கூப்பிட்டாள்.

ரெண்டே நிமிஷம் மேடம் என்றான்.

மூன்றாவது தடவை. நெட்வொர்க் ஆட்கள் எல்லோரும் சொல்வதுதான். கையில் வழி எதுவும் இல்லாதபோது இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். அதை நம்பி ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றது.

1:15.

"என்னால முடியல மேடம். காத்திருக்காதீங்க. மதுரைக்கு ஏத்தி அனுப்பிருங்க."

அன்றைக்கு அவன் சொன்ன முதல் உண்மை அது.

ஆம்புலன்ஸ் கிளம்பியது.

பெனிட்டா சும்மா இருக்கவில்லை. தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கி வந்து அலமாரிப் பூட்டை உடைத்தாள். அவன் சொல்லியிருந்த மஞ்சள் கேபிளைப் பிடுங்கினாள்.

1:38.

தேங்கிக் கிடந்த படங்கள் மடமடவென்று வந்து இறங்கின.

மூன்று நிமிடத்தில் மருத்துவரின் குறிப்பு திரையில் தெரிந்தது. ரத்தக் கசிவு இல்லை. ஊசியை உடனே போடவும்.

அவன் வாய்விட்டு அழுதான். சந்தோஷத்தில் அழுகிறோம் என்றுதான் முதலில் நினைத்தான்.

அப்புறம் போன் அடித்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் சோலையப்பன்.

"சார், காரியாபட்டிகிட்ட நிக்கிறேன். மருந்து அங்கயே இருக்கு, திரும்பிப் போங்கங்கிறாரு மதுரை டாக்டரு. பாதி தூரம் போயாச்சு, மதுரைக்கே போங்கங்கிறாங்க அருப்புக்கோட்டையில. நீங்க சொல்லித்தான கிளம்புனோம். எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க."

1:43.

முன்னால் போனால் இருபத்தைந்து நிமிடம்.

திரும்பினாலும் இருபத்தைந்து நிமிடம்.

போனில் சைரன் கேட்டது. வண்டி ஓடும் சத்தம் இல்லை.

அவன் திரையின் மூலையில் நேரத்தைப் பார்த்தான்.

1:44.

டிரைவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. படுத்திருப்பவரின் மனைவியாக இருக்க வேண்டும். கத்தவில்லை. கெஞ்சினாள்.

"எந்தப் பக்கமாச்சும் போங்கய்யா."