கோதண்டத்தின் தலைமுடி

"ஈயம் இல்லைன்னு இருக்கு, பாதரசம் இல்லைன்னு இருக்கு. முடி வளரும்னு இதுல எங்க இருக்கு?"

கடைக்காரன் கந்தன் நீட்டிய பரிசோதனைச் சான்றிதழை வெங்கடேசன் இரண்டே விரலால் திருப்பிக் கொடுத்தான். திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பெட்டி போல ஒரு கடை. அலமாரி முழுக்க மூலிகைக் கூந்தல் தைலம். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கருஞ்சீரகம் என்று பாட்டிலில் எழுதியிருந்தது. மிச்சத்தைக் கந்தனின் வாய் பார்த்துக்கொண்டது.

வெங்கடேசன் தனியார் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியர். சளிக்கு அம்மா தூதுவளை ரசம் வைத்தால்கூட, அதைக் குடிக்காதவர்களுக்கு எத்தனை நாளில் சளி போனது என்று விசாரித்துவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவான். அப்பேர்ப்பட்டவனை இந்தக் கடைக்கு இழுத்து வந்தது அவன் தலைதான். முப்பது தாண்டியதும் நெற்றி உச்சிவரை ஏறிவிட்டது. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் காபி கொடுத்தார்கள், பெண்ணைக் கொடுக்கவில்லை.

கடைசியில் கனகம்மாசத்திரத்து மோகனப்ரியா அவன் படத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டார் வருவதாகப் பேச்சு. அம்மா கன்னியம்மாளுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. வெங்கடேசன் மட்டும் நம்பவில்லை. அந்தப் பெண் பரிதாபப்பட்டுச் சொல்லியிருக்கலாம், ஒரே ஒருத்தி சொன்னதை வைத்து முடிவுக்கு வருவது அறிவியல் ஆகாது என்பது அவன் கட்சி.

கந்தன் சளைக்காமல் கைப்பேசியில் படங்களைத் தள்ளினான். இடப்பக்கம் வழவழவென்று ஒரு தலை. வலப்பக்கம் அதே ஆள், தலை நிறைய முடி. வெங்கடேசன் படத்தைப் பெரிதாக்கி மச்சத்தோடு மச்சத்தை ஒப்பிட்டான். தில்லுமுல்லு எதுவும் தட்டுப்படவில்லை. ஆனாலும் படம் ஆதாரமாகாது என்றான். தைலம் பூசாதவர்களையும் வைத்து ஒப்பிட்டீர்களா என்றும் கேட்டான். பூசாதவர்களை நான் எதற்குத் தேடிப் போகவேண்டும் என்று கந்தன் நியாயமாகவே திருப்பிக் கேட்டான்.

"அப்ப இந்த ஆளைக் காட்டுங்க. நேர்ல பாக்கணும்."

"தாராளமா பாருங்க சார். பொதட்டூர்பேட்டைல கோதண்டம்னு கேளுங்க, தறி ஓட்றாரு. சந்தேகமா இருந்தா முடியைப் புடிச்சி இழுத்தே பாருங்க."

அன்று மாலையே வெங்கடேசன் பைக்கை எடுத்தான். கோதண்டம் வீட்டுக் கூடத்திலேயே தறி ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியார் தேடி வந்திருக்கிறார் என்றதும் மரியாதையாக நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். பார்த்ததுமே வெங்கடேசனுக்கு வயிறு எரிந்தது, அவ்வளவு முடி. தறியைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடிய அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அதே அடர்த்தி.

அனுமதி கேட்டு இழுத்துப் பார்த்தான். கோதண்டம் "ஆ" என்றார். சொந்த முடிதான். பிறகு படத்தைக் காட்டி விசாரணையைத் தொடங்கினான்.

"இது நீங்கதானே?"

"ஆங், நான்தாங்க."

"அன்னைக்குத் தலைல நிஜமாவே முடி இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லீங்க. வெயில்ல மின்னிச்சி."

"இந்தத் தைலத்தைத் தினமும் பூசினீங்களா?"

"ஓசில குடுத்தாரு, வுடுவேனா? மூணு மாசம் பூசினேன்."

வேறு மாத்திரை, மருந்து, ஊசி எதுவும் கிடையாதாம். கந்தனிடம் காசு வாங்கினாரா என்று கேட்டதற்கு, எதுக்குங்க காசு என்று வெள்ளந்தியாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. வெங்கடேசனுக்கு மெய் சிலிர்த்தது. அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டு, பெண் வீட்டாரை மூன்று மாதம் கழித்து வரச்சொல் என்றான்.

"மூணு மாசம்லாம் அவங்க காத்துகினு இருக்க மாட்டாங்க நைனா. அரக்கோணத்து வரன் ஒண்ணு தயாரா நிக்குது. அந்தப் பொண்ணு உன் வழுக்கையப் பாத்துட்டுத்தானே சரின்னுச்சி?"

"நான் முடியோட போய் நிக்கறேன்மா. இது ஆதாரத்தோட சொல்றது."

கோதண்டத்தின் மனைவி ஜெயம்மாள் கொடுத்த மோரைக் குடித்து முடிப்பதற்குள் அம்மாவே திரும்பக் கூப்பிட்டாள். சேதி கேட்டதுமே பெண் வீட்டார் அரக்கோணத்துக்கே வாக்குக் கொடுத்துவிட்டார்களாம். சொல்லும்போதே அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. வெங்கடேசனுக்கும் நெஞ்சில் சுருக்கென்றது. படத்தில் பார்த்த மோகனப்ரியா நல்ல களையான பெண். அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கோதண்டத்தின் தலையை இன்னொரு தரம் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டு, பைக்கில் ஏறினான்.

ஜெயம்மாள் வாசல்வரை ஓடி வந்தாள்.

"சார், கந்தனைப் பாத்தா ஒரு சேதி சொல்லிடுங்க. வர்ற கிருத்திகைக்குச் சின்னவனுக்குக் காது குத்தறோம், இவரும் பசங்களும் மலைமேல மறுபடி மொட்டை போட்டுக்கறாங்க. போன தபா மாதிரியே அவரையே வந்து மொட்டைத் தலைய போட்டோ புடிக்கச் சொல்லுங்க. தைலம் மட்டும் வாணாம். அன்னைக்கு மூணு பேரும்தான் மொட்டை போட்டாங்க, பூசினது இவரு ஒருத்தருதான், எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வளந்துது."